அந்தப் பட்டையில் துடித்தது யார் நெஞ்சு?

நாலு பேர் இருக்கிற வீட்டில் நாலு நெஞ்சு துடிக்கத்தான் செய்யும். அதில் ஒன்று தாளம் தப்பித் துடிக்கிறது. யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. போன வாரம் சிட்டுவை இந்தக் கேள்வியோடுதான் அடுப்படியில் நிறுத்திவிட்டு வந்தோம். பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் இன்னும் அப்படியே நிற்கிறாள், பாவம்.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. சிட்டுவின் கணவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். நாள் முழுக்க உயரத்தில், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பதால் உச்சாணி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெற்றவர் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது.

கிரேன் ஓட்டுகிறவர்கள் ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்று துறைமுகத்தில் ஆளுக்கொரு கைப்பட்டை கொடுத்தார்கள். கடிகாரம் மாதிரி கையில் கட்டிக்கொள்ள வேண்டும். நடை, தூக்கம், நெஞ்சுத் துடிப்பு எல்லாவற்றையும் அது கவனிக்கும். கவனித்ததைப் பட்டைக் கம்பெனிக்கு அனுப்பும். கம்பெனி துறைமுகத்துக்கு அனுப்பும். நடை குறைந்தால் சேஃப்டி அதிகாரி கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் வயிற்றையே பார்ப்பார்.

உட்கார்ந்தே வேலை செய்கிறவன் எங்கே போய் நடப்பான்? அதனால் உச்சாணி வீட்டுக்கு வந்ததும் பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்னால் பட்டையைக் கழற்றிவிடுவான். யார் வெளியே கிளம்புகிறார்களோ அவர்கள் கையில் அது ஏறிவிடும். ஒரு நாள் அவனுடைய அப்பா, ஒரு நாள் தங்கை, ஒரு நாள் சிட்டு.

"இன்னைக்கு இதை யாரு மேய்க்கப் போறீங்க?" என்று தினமும் சாயங்காலம் கேட்பார் மாமனார். லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்கிற தோரணையில் பட்டை ஒரு கன்றுக்குட்டி ஆகிவிடும். இதில் தப்பு இருக்கிறது என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றியதே இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த போதுதான் துறைமுகத்தில் புதுசாக ஒரு ராட்சத கிரேன் வந்து இறங்கியது. அதை உச்சாணிதான் ஓட்டப்போகிறான் என்று பேச்சும் முடிந்தது. நேற்று சேஃப்டி அதிகாரி அவனைக் கீழே இறங்கச் சொன்னார். "உன் பட்டையில மூணு தடவை நெஞ்சுத் துடிப்பு கன்னாபின்னான்னு ஓடியிருக்கு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லு. அதுவரைக்கும் மேல ஏறாத."

மூன்று தடவையும் சாயங்காலம். மூன்று தடவையும் பட்டை அவன் கையில் இல்லை.

"நெஞ்சு நல்லாத்தான் இருக்குன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக் குடுத்துடுங்களேன்" என்றாள் சிட்டு, பாலைத் துடைத்துக்கொண்டே.

"குடுக்கலாம். அப்ப பட்டையில துடிச்சது யாரு நெஞ்சுன்னு கேப்பான். என்ன சொல்ல? ஊரை ஏமாத்தினேன்னு வேலையை விட்டே தூக்கிடுவான்."

"நெஞ்சு சரியில்லன்னு ஒத்துக்கிட்டா?"

"கிரேன் போச்சு. கேட்டுல உக்காந்து லாரிக்குக் கை காட்ட வேண்டியதுதான்."

சிட்டு கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். "கிரேன் கிடக்கட்டுங்க. இந்த வீட்ல ஒருத்தருக்கு நெஞ்சு சரியில்ல. அதை முதல்ல யோசிங்க."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. காலையிலிருந்து வேலையைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தவன், திரும்பி முன்னறையைப் பார்த்தான். அப்பா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். உச்சாணி இரண்டே எட்டில் அங்கே போய் அவர் மூக்குக்கு முன்னால் விரலை நீட்டினான்.

"உயிரோடதான்டா இருக்கேன்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

தெருமுனை டாக்டரிடம் சிட்டு நேற்றே போய்க் கேட்டிருந்தாள். வந்து வந்து போகிற படபடப்பாம். பரிசோதனை பண்ணுகிற நேரத்தில் சமர்த்தாக ஒளிந்துகொள்ளுமாம். யாருக்கு என்று தெரிந்தால் அந்த ஆளைக் கூடவே வைத்துக் கவனித்துப் பிடித்துவிடலாம், விட்டுவிட்டால் ஒரு நாள் ஆளையே சாய்த்துவிடும் என்று சொல்லியிருந்தார். சரி, மூன்று தடவையும் யார் பட்டையைக் கட்டியிருந்தார்கள்? மேய்க்கிறதுக்கு முறை வைத்தவர்கள் யாரும் ஞாபகம் வைக்கவில்லை.

"யாருக்குத் தெரியுமோ இல்லையோ, அந்தக் கம்பெனிக்குத் தெரியும்" என்றாள் சிட்டு. "நம்ம வீட்டு நெஞ்சை நம்மளைத் தவிர எல்லாரும் பாத்திருக்காங்க. இன்னைக்கு நான் போய்க் கேக்கறேன்."

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நாத்தனார் வாசலிலேயே நின்றாள். வீட்டில் அவளுக்குப் பாப்பா என்று பெயர், வயசுக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை. ஒரு கம்பெனியில் போனில் வாடிக்கையாளர் குறை கேட்கிற வேலை.

"அண்ணி, அங்க போய் சண்டை போடாதீங்க. சண்டைன்னா அவங்களுக்குக் கொண்டாட்டம், சுத்தல்ல விட்டுடுவாங்க. 'எங்களைப் பத்தி என்னென்ன வெச்சிருக்கீங்களோ அத்தனைக்கும் ஒரு நகல் குடுங்க'ன்னு மட்டும் கேளுங்க. அது சட்டம், குடுத்துத்தான் ஆகணும்."

"உனக்கு எப்படி இதெல்லாம்?"

"வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. கஸ்டமர் வாயில அந்த வார்த்தை வந்துச்சுன்னா நீ பேசாத, உடனே மேலதிகாரிக்கு லைனை மாத்திடுன்னு. அவ்வளவு பயம்." பாப்பா செருப்பை மாட்டினாள். "மத்தியானம் இடைவேளைல வரேன். என்னாச்சுன்னு சொல்லுங்க."

சிட்டுவுக்கு உடம்பெல்லாம் புது ரத்தம் ஓடினது மாதிரி இருந்தது. முன்னறையில் திரைச்சீலை கட்டி மறைத்து அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு முடி வெட்டுகிறவள் அவள். காலையில் வருவதாகச் சொல்லியிருந்த இரண்டு பேருக்கும் போன் போட்டு, "உங்க முடி எங்கயும் ஓடிடாது, நாளைக்கு வாங்க" என்றாள். உச்சாணியைக் கிளப்பினாள்.

பட்டைக் கம்பெனியின் கிளை ஒரு பெரிய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. எங்கே பார்த்தாலும் கண்ணாடி, உள்ளே போனால் குளிர். மெத்தை நாற்காலிகளில் பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். உச்சாணி உள்ளே காலை வைத்ததுதான் தாமதம், அவன் கையில் இருந்த பட்டை ஒரு தரம் அதிர்ந்தது. சுவரில் இருந்த பெரிய திரை அவனை வரவேற்றது.

'வருக. நேற்று இரவு நீங்கள் சரியாகத் தூங்கவில்லை. எட்டு முறை புரண்டு படுத்தீர்கள்.'

காத்திருந்த அத்தனை பேரும் திரும்பி உச்சாணியைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் 'ஐயோ பாவம்' என்கிற மாதிரி தலையை ஆட்டினார். உச்சாணி காது வரைக்கும் சிவந்துவிட்டான்.

"எங்க வீட்டுக்காரர் தூங்கினதும் புரண்டதும் இந்த ஹால்ல இருக்கறவங்களுக்கு எதுக்குங்க?" என்று சிட்டு கேட்டுக்கொண்டே மேசைக்குப் போனாள்.

மேசையில் இருந்த நீலக் கோட்டுப் பெண் சிரித்தாள். "வாடிக்கையாளர் மேல எங்களுக்கு இருக்கற அக்கறை மேடம்."

"பெத்த அப்பாவே அவரைத் தூங்கினியான்னு இத்தனை அக்கறையாக் கேட்டதில்ல. சரி, இவரு பட்டையில இருக்கற விவரம் எங்களுக்கு வேணும்."

நீலக் கோட்டு கம்ப்யூட்டரைத் தட்டினாள். "இது துறைமுகத்துக் கணக்கு மேடம். எங்க வாடிக்கையாளர் துறைமுகம்தான். விவரம் அவங்களுக்குத்தான் போகும்."

"துடிச்சது துறைமுகத்து நெஞ்சா?"

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். நீலக் கோட்டு சிரிக்கவில்லை. கம்ப்யூட்டர் திரையை இவர்கள் பக்கம் திருப்பினாள். "சாரே சம்மதம் குடுத்திருக்காரு, பாருங்க."

பொடி எழுத்தில் ஒரு பத்திரம். அவள் விரலால் தள்ளத் தள்ள அது போய்க்கொண்டே இருந்தது. சிட்டுவுக்குக் கண் வலித்தது.

"இத்தனையும் படிச்சீங்களா?" என்றாள் கணவனிடம்.

"பச்சைப் பொத்தானை அமுக்கினாத்தான் மணி காட்டும்னாங்க" என்றான் உச்சாணி. "அமுக்கினேன்."

நடுவில் ஒரு வரியில் சிட்டு விரலை வைத்து நிறுத்தினாள். போகிற இடம், துடிப்பு, தூக்கம் ஆகியவை கூட்டாளிகளுடன் பகிரப்படும் என்றிருந்தது. "கூட்டாளின்னா யாரு?"

"எங்களோட சேர்ந்து வேலை செய்யறவங்க மேடம். இன்சூரன்ஸ், மருந்துக் கம்பெனி, விளம்பரக் கம்பெனி..."

போன வாரத்திலிருந்து உச்சாணியின் போனில் நெஞ்சு வலி மாத்திரை விளம்பரம் வந்துகொண்டே இருந்தது சிட்டுவுக்கு இப்போது புரிந்தது. ஆத்திரம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போன மாதிரி இத்தனை நாள் இருந்திருக்கிறோமே என்று இருந்தது.

"அந்த நேரத்துல பட்டை என் கை..." என்று உச்சாணி ஆரம்பித்தான். சிட்டு அவன் பாதத்தை ஒரு மிதி மிதித்தாள். பூட்ஸ் போட்டிருந்ததால் தப்பித்தான், வாயை மட்டும் மூடிக்கொண்டான்.

இதற்கு மேல் தாமதிக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. நிமிர்ந்து நின்றாள். பாப்பா சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் சொன்னாள். "எங்களைப் பத்தி என்னென்ன வெச்சிருக்கீங்களோ, அத்தனைக்கும் ஒரு நகல் குடுங்க."

நீலக் கோட்டுப் பெண்ணின் சிரிப்பு அப்படியே உறைந்தது. போனை எடுத்தாள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். உள்ளேயிருந்து டை கட்டின மேனேஜர் வேகமாக வந்தார். அதுவரை தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்காதவர்கள் இப்போது காபி குடிக்கிறீர்களா என்று கேட்டார்கள்.

"தாராளமாக் குடுத்துடலாம் மேடம். மனு ஒண்ணு குடுத்துட்டுப் போங்க. ஒரு மாசத்துல..."

"துறைமுகத்துக்கு ஒரு நிமிஷத்துல போச்சே. அது போன வழியிலயே எங்களுக்கும் அனுப்புங்க."

"அது வேற முறை மேடம்."

"நெஞ்சு ஒண்ணுதான சார்?"

அதற்குள் அந்தப் பெரியவர் எழுந்து வந்தார். "ஏம்மா, அப்படிக் கேட்டா எனக்கும் குடுப்பாங்களா?" என்றார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் எழுந்தாள். "எங்க வீட்டுக்காரரோடதையும் குடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

"அவர் வந்து கேட்டாக் குடுப்பாங்க. நீங்க கேட்டாக் குடுக்கக் கூடாது" என்றாள் சிட்டு. கேட்டவள் முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாகி மேசையைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. மேனேஜர் டையைத் தளர்த்தினார். நீலக் கோட்டுப் பெண்ணின் காதில் எதையோ சொன்னார்.

உச்சாணியின் போன் சிணுங்கியது. நகல் வந்துவிட்டது.

வெளியே வந்ததும் சிட்டுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "பாத்தீங்களா? ஒரே ஒரு வார்த்தைங்க" என்று நடைபாதையில் நின்று இரண்டு கையையும் விரித்தாள். உச்சாணிக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு நாளாக அவன் சிரித்து அவள் பார்க்கவில்லை. கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு அது. அவளுக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது, நடைபாதையாகப் போயிற்று.

பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து போனைத் திறந்தாள். ஊரின் வரைபடம் விரிந்தது. அதன் மேல் கோடு கோடாக ஓடியது. பட்டை போன இடமெல்லாம் கோடு. வீட்டிலிருந்து கிளம்பி வளைந்து நெளிந்து தெருத்தெருவாகப் போய்த் திரும்பி வந்திருந்தன. அங்கங்கே எத்தனை நேரம் நின்றது என்பதுகூட இருந்தது.

விரல் பட்டு ஒரு கோடு பெரிசானது. பாப்பா அலுவலகத்துத் தோழியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிற நாள் அது. கோடு தோழி வீட்டுப் பக்கமே போகவில்லை. ஊரின் வேறு கோடியில் ஒரு வீட்டு வாசலில் போய் நின்று, வெகு நேரம் அங்கேயே இருந்தது.

சிட்டு சுடுபாத்திரத்தைத் தொட்ட மாதிரி விரலை எடுத்துக்கொண்டாள்.

"என்ன? காட்டு" என்றான் உச்சாணி.

"இல்லங்க." போனைத் திருப்பி மடியில் கவிழ்த்தாள். "இதை நாம பாக்கக் கூடாது."

"என் பட்டை. என் பேர்ல இருக்கு."

"பேருதான் உங்களுது. நடந்தது நீங்க இல்லையே. மாமா எங்க போறாரு, பாப்பா எங்க போறா, அது அவங்க சமாச்சாரம். இப்பதான் அந்த மேனேஜரை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டு வந்தோம். அவன் பாத்த மாதிரியே நாமளும் பாத்தா எப்படி?"

நல்லாத்தான் பேசினாள். ஆனால் முழு உண்மையையும் சொல்லிவிடுவோமே. அந்த வரைபடத்தில் சிட்டுவின் கோடும் இருந்தது. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில், கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு காலி அறை இருக்கிறது. அதை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாக ஒரு பார்லர் வைக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. வீட்டில் மூச்சு விடவில்லை. எல்லாம் கூடி வந்த பிறகு ஒரே போடாகப் போடலாம் என்று வைத்திருந்தாள். அதனால் மாமனாரின் உரிமையையும் நாத்தனாரின் உரிமையையும் காப்பாற்றினபோது தன்னுடையதையும் கூடவே காப்பாற்றிக்கொண்டாள். அதில் என்ன தப்பு?

"அப்ப யாருக்கு நெஞ்சு சரியில்லன்னு எப்படித் தெரியும்?" என்றான் உச்சாணி.

சிட்டு யோசித்தாள். துடிப்பு தப்பின மூன்று இடங்களிலும் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி இருப்பதாக ஓரத்தில் எழுதியிருந்தது. தொட்டால் அந்த இடம் மட்டும் தெரியும். "அவங்கவங்க தனியாப் பாக்கட்டும். புள்ளியை மட்டும். நான் அங்க போனேனா இல்லையான்னு அவங்களுக்கே தெரியுமில்ல? ஆமா, இல்ல, அதை மட்டும் வந்து சொல்லட்டும். எந்த இடம்னு யாரும் சொல்லக் கூடாது, யாரும் கேக்கவும் கூடாது."

அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "உன்னைக் கம்பெனிக்காரன் வேலைக்கு எடுத்திருந்தா நாங்க உருப்பட்டிருப்போம்" என்றான்.

மத்தியானம் பாப்பா இடைவேளையில் ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்தது.

"நான் போன இடமெல்லாம் அதுல இருக்கா? நீங்க பாத்தீங்களா அண்ணி?"

"ஒரு கோடு கண்ணுல பட்டுச்சு. உடனே மூடிட்டேன்."

"எந்தக் கோடு?"

"மறந்துட்டேன். கேக்கவும் மாட்டேன்."

பாப்பா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நாள் பூராவும் ஊர்ல இருக்கறவங்க பேரு, வீடு, சண்டை, எல்லாம் என் காதுல விழுது. நான் பேசற ஒவ்வொரு வார்த்தையையும் பதிவு பண்றாங்க. எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு யாருக்கும் தெரியாம இருக்கட்டும்னு நெனச்சேன் அண்ணி. இந்தச் சனியனைக் கையில கட்டிக்கிட்டே போயிருக்கேனே."

சிட்டு அவள் தோளைப் பிடித்து அணைத்துக்கொண்டாள். "அது உனக்கு மட்டும்தான். உசுரு விஷயம்கிறதால புள்ளியை மட்டும் பாரு. நீயா இருந்தா ஒளிக்காத, கண்ணு."

முதலில் மாமனார் போனை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். உச்சாணி கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். பட்டை கட்டின நாளிலிருந்து அவன் தன் சொந்தக் காலில் இவ்வளவு நடந்தது அன்றுதான்.

கதவு திறந்தது. "நான் இல்ல" என்றார் மாமனார். குரலில் ஒரு தெம்பு இருந்தது. ஆனால் உடனே மகளையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார், தெம்பு போய்விட்டது.

பாப்பா போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். "சத்தியமா நான் இல்ல" என்று போனை மேசையில் வைத்தாள். பயம் தெளிந்த முகம்தான். ஆனால் யாருடைய கண்ணையும் அவள் பார்க்கவில்லை.

சிட்டுவுக்குக் கோபம் கோபமாக வந்தது. இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார்கள். மாமாவா? கிழவர் பயந்து ஒளிக்கிறாரா? இல்லை, அந்த வீட்டு வாசல் வெளியே வந்துவிடும் என்று இந்தப் பெண் ஒளிக்கிறாளா? உயிரைவிடப் பெரிய ரகசியம் என்ன இருக்க முடியும் என்று மனசுக்குள் பொரிந்துகொண்டே போனை எடுத்தாள். முறை என்று வந்தால் தானும் பார்த்துவிட வேண்டியதுதானே. உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, கட்டிலில் உட்கார்ந்து, முதல் புள்ளியைத் தொட்டாள்.

மார்க்கெட். அதற்குப் பின்னால் சந்து.

அடுத்த புள்ளியைத் தொட்டாள். அதே சந்து. மூன்றாவதும் அதேதான்.

சிட்டு போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் அறையைப் பார்க்க மாடி ஏறினபோது நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொண்டது. கண்ணாடி எங்கே மாட்டலாம், நாற்காலி எங்கே போடலாம் என்று கற்பனை பண்ணிக்கொண்டே ஏறினாள். இரண்டாம் நாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு ஏறினாள். மூன்றாம் நாள், எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லப் போனபோது, கண்ணே கொஞ்சம் இருட்டியது. எத்தனை வருஷத்து ஆசை, படபடப்பு இருக்கத்தானே செய்யும் என்று நினைத்தாள். இறங்கும்போது சந்தோஷத்தில் அழுகைகூட வந்தது.

அது சந்தோஷம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். வாயைத் திறக்கிற வரைக்கும் சொல்லிவிடத்தான் இருந்தாள். சொன்னால் என்ன நடக்கும் என்று கண் முன்னால் ஓடியது. உட்காரு என்பார்கள், மாடிப்படி ஏறாதே என்பார்கள், நெஞ்சு சரியில்லாதவளுக்கு எதற்குக் கடை என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். அதற்கு மேல் ஒன்றும் பேச முடியாது.

"நான் இல்ல" என்றாள்.

"அப்ப பட்டை தானா நடந்து போயிருக்கு" என்றார் மாமனார். யாரும் சிரிக்கவில்லை.

உச்சாணி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். மனைவியின் முகத்தில் அவன் நிற்கவே இல்லை, அவ்வளவு நம்பிக்கை. பிறகு உட்கார்ந்து பூட்ஸை இழுத்து மாட்டினான்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"துறைமுகத்துக்கு. என் நெஞ்சுதான், எனக்குத்தான் சரியில்லன்னு எழுதிக் குடுத்துட்டு வரேன்."

"அண்ணா, கிரேன்?" என்றாள் பாப்பா.

"கிரேன் வரும் போகும். இதுல யாருன்னு நான் கேக்க மாட்டேன். கேக்கக் கூடாதுன்னு உங்க அண்ணிதான் சொல்லியிருக்கா, அவ சொல்றது சரி." கயிற்றை முடிந்துகொண்டே பேசினான். "ஆனா யாரோ ஒருத்தருக்குச் சொல்ல முடியல. அவங்களை நான் பிடிச்சு உலுக்க முடியுமா? அது என் நெஞ்சாவே இருந்துட்டுப் போகட்டும். நாளையிலேர்ந்து எல்லாரும் என்கூட டாக்டர்கிட்ட வாங்க, வரிசையா உக்காந்து பாத்துக்கலாம்."

அப்பாவின் கையைப் பிடித்து அழுத்தினான். தங்கையின் தலையில் கை வைத்தான். சிட்டுவிடம் வந்ததும் நின்றான். "நல்ல வேலை பண்ணின இன்னைக்கு" என்றான். கதவைத் திறந்து வெளியே போனான்.

வீட்டு மாடிப்படியில் அவனுடைய பூட்ஸ் சத்தம் இறங்கிக்கொண்டே போனது. பெரிய கிரேன் வரப்போகிறது என்று தெரிந்த நாளில் இதே படியில் அவன் இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தான். இப்போது ஒவ்வொரு படியாக இறங்கினான்.

சிட்டு வாசலுக்கு ஓடினாள். நாலு எட்டு ஓடுவதற்குள் நெஞ்சு மறுபடியும் தாறுமாறாக அடிக்க ஆரம்பித்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை அதற்குச் சந்தோஷம் என்று பெயர் வைக்க முடியவில்லை.

"ஏங்க" என்றாள். குரல் வெளியே வரவில்லை. மூச்சை இழுத்து மறுபடியும் கூப்பிட்டாள். "ஏங்க, நில்லுங்க."

கீழே பூட்ஸ் சத்தம் நின்றது.